கொந்தளிக்கும் மனத்தைக் கையாளக் கற்பது: போதை சிகிச்சையின் இரண்டாம் பாதி

போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. போதைப்பொருளை நிறுத்தியதும் உடலில் வரும் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை, வலிப்பு போன்றவற்றை மருந்து கொடுத்துத் தணிப்பது முதல் வேலை. பெரும்பாலோருக்கு இது ஒன்றிரண்டு வாரங்களில் முடிந்துவிடும். போதை இல்லாமல் வாழப் பழக்குவது இரண்டாவது வேலை. அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். உடம்பு தேறி, முகம் தெளிந்து வீடு திரும்பியவர் சில வாரங்களில் மறுபடி குடிக்கவோ ஊசி போடவோ தொடங்கிவிட்டால், வீட்டாரும் ஊராரும் அவருக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் முக்கியமான ஒரு காரணம் மறைந்துபோகிறது. கோபமும் பயமும் வெறுமையும் அவமானமும் பொங்கி வரும்போது என்ன செய்வது என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதைக் கற்றுத்தர முடியும். பாடமாகவும் பயிற்சியாகவும் அதைக் கற்றுத்தரும் முறைகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவாகியிருக்கின்றன.

மீண்டும் சறுக்குவது எப்போது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் ஆலன் மார்லட். சிகிச்சை பெற்றவர்கள் மறுபடி பழக்கத்துக்குத் திரும்பும் அந்த முதல் தருணத்தில் என்ன நடக்கிறது என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் துருவிப் பார்த்தார்கள். மது, புகை, ஹெராயின், சூதாட்டம், அளவுமீறிய உணவு ஆகியவற்றில் சிக்கியிருந்தவர்களின் 311 சறுக்கல்களை வகைப்படுத்தி, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 35 சதவீதம் கோபம், சோர்வு, பதற்றம், சலிப்பு போன்ற மன வேதனைகளின்போது நடந்தவை. இன்னும் 16 சதவீதம் மற்றவர்களோடு ஏற்பட்ட சண்டை சச்சரவை ஒட்டி நடந்தவை. பழகியவர்களின் வற்புறுத்தலாலோ அவர்கள் எதிரில் இருந்ததாலோ நடந்தவை 20 சதவீதம். ஆகப் பாதிக்கு மேற்பட்ட சறுக்கல்களுக்கு முன்னால், கையாளத் தெரியாத ஓர் உணர்ச்சி நின்றிருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-இல் எழுதிய கட்டுரை இதை இன்னொரு பக்கத்திலிருந்து விளக்கியது. தாங்க முடியாத மன வேதனைக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் மருந்தாகப் பலர் போதையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் கருத்து. எல்லோரும் வேதனையால் தொடங்குவதில்லை. விளையாட்டாகவோ கூட்டாளிகளோடு சேர்ந்தோ தொடங்குபவர்களும் உண்டு. எப்படித் தொடங்கியிருந்தாலும், பழக்கம் முற்றும்போது வேதனையும் போதையும் பின்னிக்கொள்கின்றன.

மூளையில் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். அமெரிக்க நரம்பியல் அறிஞர்கள் ஜார்ஜ் கூப், நோரா வோல்கோவ் இருவரும் போதை நோயை மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சுழற்சியாக விளக்குகிறார்கள். முதல் கட்டத்தில் போதை இன்பம் தருகிறது. டோபமின் என்ற வேதிப்பொருள் பெருகி, ‘இதை மறுபடி செய்’ என்ற பாடம் மூளையில் பதிகிறது. இரண்டாம் கட்டத்தில், போதை இறங்கியதும் மூளையின் அமிக்டலா பகுதியை ஒட்டிய அழுத்த மண்டலம் தூண்டப்படுகிறது. எரிச்சலும் பதற்றமும் எதிலும் பிடிப்பின்மையும் வருகின்றன. இப்போது அவர் போதையைத் தேடுவது பெரும்பாலும் இந்த வேதனையிலிருந்து தப்பிக்கத்தான். மூன்றாம் கட்டத்தில் எந்நேரமும் அதே நினைப்பு. யோசித்து நிதானிக்கும் வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி அப்போது தளர்ந்திருக்கிறது.

இந்தச் சுழற்சி நெடுங்காலம் ஓடும்போது இன்னொரு இழப்பும் நேர்கிறது. பதினைந்து வயதில் போதைக்குள் போன ஒருவர், மற்றப் பிள்ளைகள் அந்த வயதில் தட்டுத்தடுமாறிக் கற்பதைக் கற்காமலேயே வளர்கிறார். தோல்வியைச் செரித்துக்கொள்வது, கோபத்தைச் சொல்லித் தீர்ப்பது, தனிமையைப் பொறுத்துக்கொள்வது, துக்கத்தை அழுது கடப்பது எல்லாம் அவரைப் பொறுத்தவரை சில நிமிடங்களில் போதை முடித்துவைக்கும் காரியங்கள். போதையை நிறுத்தும் நாளில் அந்தக் காரியங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அவர் தலையில் வந்து விழுகின்றன.

உணர்ச்சியைக் கையாளுவது என்றால் என்ன?

உணர்ச்சியை அடக்கிவைப்பதும் கையாளுவதும் வேறு வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கும் கோபம் உள்ளே அப்படியே இருக்கிறது, உடலின் பதற்றமும் குறைவதில்லை. வந்திருப்பது என்ன உணர்ச்சி என்று அறிவது, அதை வந்ததாக ஒப்புக்கொள்வது, அதன் வேகத்தைத் தணிப்பது, அது இருக்கும்போதே தனக்கு நன்மையான காரியத்தைச் செய்வது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் கையாளுதல்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் முன்வைத்த விளக்கம் இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஓர் உணர்ச்சி உருவாகி வெளிப்படும் பாதையில் ஐந்து இடங்களில் மனிதர் தலையிட முடியும் என்கிறார் அவர். குடியை விட்டு இரண்டு மாதம் ஆன ஒருவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரவு வரவேற்பைத் தவிர்த்துக் காலை முகூர்த்தத்துக்கு மட்டும் போவது முதல் இடம், அதாவது சூழலைத் தேர்ந்தெடுப்பது. மனைவியையோ குடிக்காத நண்பரையோ உடன் அழைத்துப்போவது இரண்டாவது, சூழலை மாற்றுவது. மண்டபத்தின் பின்பக்கம் கூடும் பழைய கூட்டாளிகளைப் பார்க்காமல் பந்தி பரிமாறும் வேலையில் இறங்கிவிடுவது மூன்றாவது, கவனத்தைத் திருப்புவது. ‘என்னை மட்டம் தட்டுகிறார்கள்’ என்று தோன்றும்போது ‘நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது’ என்று நினைத்துப் பார்ப்பது நான்காவது, பொருளை மாற்றிக் காண்பது. எல்லாவற்றையும் மீறி நெஞ்சு படபடக்கும்போது வெளியே வந்து முகம் கழுவி நிதானமாக மூச்சு விடுவது ஐந்தாவது, எழுந்துவிட்ட உணர்ச்சியின் வேகத்தைக் குறைப்பது. போதையும் இந்த ஐந்தாவது இடத்தில்தான் வேலை செய்கிறது. முந்தைய நான்கு இடங்களும் இருப்பதே தெரியாதவருக்கு அது ஒன்றுதான் வழியாகப் படுகிறது.

கிம் கிராட்ஸ், லிசபெத் ரோமர் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் இந்தத் திறனை அளக்க 36 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். யாருக்கு எங்கே தடுக்கிறது என்பதை அது ஆறு வகையில் காட்டும். தன் உணர்ச்சியைக் கவனிக்காமை, அது என்ன உணர்ச்சி என்ற தெளிவின்மை, ‘எனக்கு இப்படித் தோன்றலாமா’ என்று தன்னையே வெறுத்தல், உணர்ச்சி வந்தால் வேலை ஓடாமை, உணர்ச்சி வந்தால் கை மீறிப்போதல், ‘இதற்கு என்னிடம் வழியே இல்லை’ என்ற நம்பிக்கை ஆகியவை அந்த ஆறு. சிகிச்சைக்கு வரும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் தடுக்காது. ஆகவே எதை முதலில் கற்றுத்தருவது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

சியாட்டிலில் பிறந்த பாடத்திட்டம்

உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களை முறையான பாடத்திட்டமாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் மார்ஷா லினெஹன். மார்லட் பணியாற்றிய அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். தற்கொலைக்கு முயன்றும் உடலைக் கீறிக்கொண்டும் துன்பப்பட்ட பெண்களுக்காக அவர் உருவாக்கிய சிகிச்சைக்கு டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி., என்று பெயர். அதன் பலனைக் காட்டும் முதல் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. சிகிச்சை நூலும் பயிற்சிக் கையேடும் 1993-இல் வந்தன. இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் நெடுநாள் இருந்ததையும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதையும் லினெஹன் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தச் சிகிச்சை ஏற்பு, மாற்றம் என்ற இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ‘இன்றைய நிலையில் நீங்கள் இப்படித்தான் இருக்க முடிந்திருக்கிறது’ என்று நோயாளியின் வலியை ஒப்புக்கொள்கிறது. ‘இதே நிலையில் தொடரவும் முடியாது’ என்று மாற்றத்தையும் கேட்கிறது. ஏற்பு என்ற பகுதியை லினெஹன் ஜென் தியான மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். மாற்றம் என்ற பகுதி நடத்தைச் சிகிச்சையிலிருந்து வந்தது.

டி.பி.டி.யில் நான்கு பாடங்கள் உண்டு. நடப்பதை அந்தந்த நேரத்தில் முழுக் கவனத்தோடு பார்ப்பது, நெருக்கடியைப் பொறுத்துக் கடப்பது, உணர்ச்சிகளைக் கையாளுவது, மற்றவர்களோடு பேசிப் பழகுவது. வாரம் ஒருமுறை சிகிச்சையாளரோடு தனியாக ஒரு சந்திப்பு, வாரம் ஒருமுறை குழுவாக ஒரு வகுப்பு. இடையில் நெருக்கடி வந்தால் தொலைபேசியில் சிகிச்சையாளரை அழைத்து ‘இப்போது எந்தத் திறனைப் பயன்படுத்துவது’ என்று கேட்கலாம். சிகிச்சையாளர்களும் வாரந்தோறும் கூடித் தங்களுக்குள் கலந்து பேசுவார்கள். 1990-களில் லினெஹனும் சக ஆய்வாளர்களும் இதே பாடத்திட்டத்தைப் போதை நோயாளிகளுக்கு ஏற்ப விரிவாக்கினார்கள்.

கற்றுத்தரப்படும் திறன்கள்

டி.பி.டி.யிலும் மார்லட்டின் முறையிலும் கற்றுத்தரப்படும் திறன்களை ஆறாகத் தொகுக்கலாம். முதலாவது, கவனித்துப் பெயரிடுவது. பல ஆண்டுகள் போதையில் இருந்தவரிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதற்கு மேல் சொல்ல வராது. அந்த ‘ஒரு மாதிரி’ கோபமா, பயமா, பசியா, தனிமையா என்று பிரித்தறிய அவர் பழக்கப்படுகிறார். உடலில் எங்கே தெரிகிறது, எந்த எண்ணத்தோடு வந்தது, என்ன செய்யத் தூண்டுகிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், பார்க்கும் முகத்தில் உள்ள உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது அமிக்டலாவின் கொந்தளிப்பு குறைந்தது தெரிந்தது. நோயாளிகள் தினமும் ஒரு குறிப்பு அட்டையும் நிரப்புகிறார்கள். அன்றைய வேதனை எவ்வளவு, போதை நினைப்பு எவ்வளவு, எந்தத் திறனைப் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் எண்களாகப் பதிவாகும். வாரக் கடைசியில் அதைப் பார்க்கும்போது, ‘திடீரென்று வந்தது’ என்று நினைத்த வேட்கைக்கு முன்னால் என்னென்ன நடந்திருக்கிறது என்று அவருக்கே புலப்படும்.

இரண்டாவது, நடந்தது என்ன என்று சரிபார்ப்பது. மனைவி போனை எடுக்கவில்லை. ‘என்னை வெறுத்துவிட்டாள்’ என்று மனம் சொல்கிறது. அது நடந்த விஷயமா, தான் கற்பித்துக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது இந்தப் பாடம். உணர்ச்சிக்கு உண்மையான காரணம் இருந்தால் அந்தப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். காரணம் இல்லாவிட்டாலோ, உணர்ச்சி அளவு மீறியிருந்தாலோ, அது தூண்டும் செயலுக்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். கோபம் அடிக்கப் போகச் சொன்னால் ஓரடி பின்வாங்கிக் குரலைத் தாழ்த்துவது, பயம் ஓடச் சொன்னால் நிற்பது, சோர்வு படுக்கச் சொன்னால் எழுந்து நடப்பது எல்லாம் இதில் அடங்கும். போதை நோயாளிகளை அதிகம் வாட்டுவது அவமானம். அது ஒளிந்துகொள்ளச் சொல்லும், ஒளிந்த இடத்தில் போதை காத்திருக்கும். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவதுதான் அதற்கு எதிர்ச்செயல்.

மூன்றாவது, நெருக்கடியைக் கடப்பது. வேதனை உச்சத்தில் இருக்கும்போது யோசித்து முடிவெடுக்கச் சொல்வதில் பயனில்லை. முதலில் உடலைத் தணிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்திச் சில நொடிகள் மூச்சைப் பிடித்தால், நீரில் மூழ்கும்போது இயல்பாக நிகழும் உடல் எதிர்வினை தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறைகிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீட்டுவது, வேகமாக நடப்பது அல்லது ஓடுவது, தசைகளை இறுக்கித் தளர்த்துவது ஆகியவையும் கற்றுத்தரப்படுகின்றன. தெளிவான நேரத்தில், போதை எடுத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும், எடுக்காவிட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நெருக்கடியில் அதை எடுத்துப் படிக்க வேண்டும்.

நான்காவது, வேட்கையின் மேல் மிதப்பது. இது மார்லட் தந்த உத்தி. போதை வேட்கை கடல் அலையைப் போல எழும், உச்சம் தொடும், தானே இறங்கும். அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். தொண்டையில் வறட்சி, வயிற்றில் பிசைவு, விரல்களில் துடிப்பு என்று உடலில் அது எங்கெங்கே தெரிகிறதோ அங்கே கவனத்தை வைத்து, மூச்சைத் துணையாகக் கொண்டு, ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அது தணிந்துவிடுவதைப் பலர் தங்கள் அனுபவத்தில் காண்கிறார்கள். இப்படிப் பணியாமல் கடக்கும் ஒவ்வொரு முறையும், ‘எடுக்காவிட்டால் செத்துவிடுவேன்’ என்று மூளை கற்றிருந்த பாடம் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. மார்லட்டுக்கு விபாசனா தியானத்தில் ஈடுபாடு உண்டு. பர்மாவில் பிறந்து இந்தியாவில் தியானம் கற்பித்த எஸ்.என். கோயங்காவின் மரபில் சியாட்டில் பகுதிச் சிறை ஒன்றில் நடந்த பத்து நாள் விபாசனா முகாம்களை அவர் குழு ஆராய்ந்தது. பின்னர் சாரா போவன், நேஹா சாவ்லா ஆகியோருடன் சேர்ந்து, தியானத்தையும் மறுசறுக்கல் தடுப்பையும் இணைத்து எட்டு வாரப் பயிற்சி ஒன்றை அவர் உருவாக்கினார்.

ஐந்தாவது, மனம் எளிதில் உடையாதபடி அன்றாட வாழ்க்கையைச் சீராக்குவது. தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் சின்னச் சொல்லும் சுடும். நேரத்துக்குச் சாப்பாடு, போதிய தூக்கம், உடற்பயிற்சி, உடல்நோய்க்கு உரிய மருந்து ஆகிய நான்கும் ஆகவே சிகிச்சையின் பகுதிகள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது வந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவதும் இதையொட்டியதே. போதை பறித்த இன்பங்களைத் திரும்பக் கொண்டுவருவதும் இதில் சேரும். தினமும் மனத்துக்குப் பிடித்த ஒரு சிறு காரியமும், ‘என்னால் முடிகிறது’ என்று உணரவைக்கும் ஒரு சிறு வேலையும் இருக்க வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். நிறுத்திய முதல் மாதங்களில் எதுவும் ருசிக்காது. மூளை பழைய நிலைக்கு வரும்வரை அது இயல்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

ஆறாவது, வரப்போவதற்கு ஒத்திகை பார்ப்பது. சம்பள நாள், திருவிழா, தகப்பனாரின் திதி, பழைய கூட்டாளியின் போன் என்று ஆபத்தான தருணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் என்ன சொல்வது, எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று மனத்துக்குள்ளும் குழுவுக்கு முன்னாலும் நடித்துப் பார்க்கிறார்கள். ‘வேண்டாம்’ என்று முகம் பார்த்துச் சொல்வது, உதவி கேட்பது, கோபத்தைத் திட்டாமல் சொல்வது ஆகியவற்றையும் இப்படி நடித்துத்தான் பழக வேண்டும்.

ஒரு சறுக்கல் நேர்ந்துவிட்டால்

போதை நோயாளிகளுக்காக டி.பி.டி.யில் சேர்க்கப்பட்ட பகுதிகளில் மிக முக்கியமானது, முழு விலக்கையும் சறுக்கலுக்கான தயாரிப்பையும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் அணுகுமுறை. சறுக்கும் கணம்வரை ‘இனி ஒருபோதும் இல்லை’ என்ற உறுதியில் எந்தத் தளர்வும் கிடையாது. ஆயுள் முழுவதற்கும் உறுதி சொல்ல மலைப்பாக இருந்தால் ஒரு நாளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஐந்து நிமிடத்துக்கு உறுதி எடுத்து, முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம். சறுக்கிவிட்டால் அந்தக் கணமே எழ வேண்டும். என்ன நடந்தது, நிகழ்வுகளின் சங்கிலியில் எந்தக் கண்ணியில் வேறு வழி எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சிகிச்சையாளரோடு ஆராய வேண்டும்.

மார்லட் இதன் தேவையை முன்பே காட்டியிருந்தார். ஒரு குவளை குடித்தவர் ‘எல்லாம் போயிற்று, நான் உருப்பட மாட்டேன்’ என்று நினைத்துக் குற்ற உணர்வில் பாட்டிலையே முடிக்கிறார். சிறு சறுக்கலைப் பெரும் வீழ்ச்சி ஆக்குவது பெரும்பாலும் இந்த அவமானம்தான்.

லினெஹன் மூன்று மனநிலைகளைப் பற்றியும் பேசுகிறார். போதைக்காக எதையும் செய்யும் மனம் ஒன்று. விட்டுவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று மிதப்பில் இருக்கும் மனம் இன்னொன்று. இந்த மிதப்பில் உள்ளவர் பழைய தெருவழியே நடப்பார், மருந்தை நிறுத்துவார், கூட்டத்துக்குப் போக மாட்டார். மூன்றாவது தெளிந்த மனம். அது விட்டதையும் அறியும், வேட்கை எப்போதும் வரலாம் என்பதையும் மறக்காது. அதனால் விற்பவரின் எண்ணை அழிப்பது, வீட்டில் மறைத்து வைத்ததைத் தேடி எறிவது, பொய் சொல்வதை நிறுத்துவது என்று திரும்பிப்போகும் வழிகளை அது ஒவ்வொன்றாக அடைத்துவிடும்.

பலன் எவ்வளவு?

போதை நோயும் உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுந்த ஆளுமைக் கோளாறும் சேர்ந்து இருந்த 28 பெண்களிடம் லினெஹன் குழு நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. டி.பி.டி. பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாகப் போதை எடுத்தார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் அவர்களில் குறைவு. ஹெராயினுக்கு அடிமையான 23 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-இல் வந்தது. இரு பிரிவினருக்கும் ஹெராயின் தேவையைத் தணிக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவு டி.பி.டி. பெற்றது. மற்றது, உணர்வுகளைப் புரிந்து ஒப்புக்கொள்ளும் சிகிச்சையையும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த பன்னிரு படி முறையையும் பெற்றது. இரண்டிலுமே போதை குறைந்தது. டி.பி.டி. பிரிவில் அந்தப் பலன் ஆண்டு முடிவுவரை நிலைத்தது, மற்றதில் கடைசி மாதங்களில் பயன்பாடு ஏறியது. ஆனால் யாருமே விலகாமல் நின்றது அந்த மற்றப் பிரிவில்தான். மதிப்போடு கேட்டு ஒப்புக்கொள்வதற்கே எவ்வளவு ஈர்ப்பு உண்டு என்பதை அது காட்டியது.

போவன் குழு 286 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆரம்ப சிகிச்சையை முடித்தவர்களுக்கு மூன்று வகைத் தொடர் சிகிச்சைகள் தரப்பட்டன. தியானம் சேர்ந்த பயிற்சி பெற்றவர்களும் மார்லட்டின் பழைய மறுசறுக்கல் தடுப்புப் பயிற்சி பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் தியானப் பிரிவினர் போதை எடுத்த நாட்கள் மற்ற இரு பிரிவினரைவிடக் குறைந்திருந்தன. முதல் இரண்டு ஆய்வுகளும் சிறியவை, இந்தப் பயிற்சி எல்லோரையும் குணமாக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆயினும் இவை ஒரே திசையைக் காட்டுகின்றன: திறன்களைக் கற்றவர்கள் நிலைத்து நிற்கும் வாய்ப்பு கூடுகிறது.

மருந்துக்கும் பயிற்சிக்கும் உள்ள இடம்

திறன் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகள் உயிர் காப்பவை. சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவை மறுபடி எடுத்தால் உடல் தாங்காமல் மரணம் நேரலாம் என்பதை நோயாளியும் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். மன அழுத்த நோயோ வேறு மனநோயோ உடன் இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் பழைய காயத்தைக் கிளறுவதற்கு முன், நிகழ்காலத்தில் பாதுகாப்பாக நிற்கும் திறன்களைத் தர வேண்டும். லிசா நஜாவிட்ஸ் 2002-இல் நூலாக்கிய ‘சீக்கிங் சேஃப்டி’ என்ற முறை இதற்கென்றே உருவானது.

குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. குத்திக்காட்டும் பேச்சும், ஓயாத கண்காணிப்பும், ‘நீ திருந்த மாட்டாய்’ என்ற தீர்ப்பும் அவமானத்தைத் தூண்டி வேட்கையைக் கிளப்புகின்றன. ‘இன்று உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது’ என்று அவர் உணர்வை ஒப்புக்கொள்ளலாம். அதோடு, பணம் தருவதில்லை, வீட்டில் அடிதடியைப் பொறுப்பதில்லை என்ற எல்லைகளில் உறுதியாகவும் நிற்கலாம். வீட்டாரும் இதே திறன்களைக் கற்றால் வீடே பயிற்சிக்களம் ஆகும்.

இந்தியாவில் இந்த உதவி தேவைப்படுவோர் ஏராளம். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிக்கு மேற்பட்டோருக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் அது 20 பேரில் ஒருவர். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையமும் நெடுங்காலமாக இத்துறையில் பணியாற்றுகின்றன. மத்திய அரசின் போதை விடுபடல் உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416.

மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கிறது. மனநோய் உள்ளவரைக் கொடுமையாகவும் இழிவாகவும் நடத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. அடித்தும் கட்டிவைத்தும் திருத்தும் இடத்தில் நோயாளி பயத்தையும் அவமானத்தையும்தான் கற்றுக்கொள்கிறார், அவை இரண்டுமே அவரை மறுபடி போதைக்குத் தள்ளும் உணர்ச்சிகள். எனவே ஒரு மையத்தில் சேர்க்கும் முன் குடும்பத்தார் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. மருத்துவர் இருக்கிறாரா? பயிற்சி பெற்ற கவுன்சலர் வாரந்தோறும் தனியாகப் பேசுவாரா? கோபம், பதற்றம், வேட்கை வரும்போது என்ன செய்வது என்று வகுப்பாகக் கற்றுத்தருகிறார்களா? குடும்பத்துக்குப் பயிற்சி உண்டா? வீடு திரும்பிய பின் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார்கள்? சறுக்கினால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் மையத்தில், போதையை நிறுத்துவதோடு நில்லாமல், அது இல்லாமல் வாழவும் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும்.